ராணி வார்டுக்கு எடுத்துப்போன போத்தல்

என் பிரியமுள்ள மாப்பிள்ளை முத்துராசு,

நீ போய் ஒரு வருசமும் நாலு மாதமும் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை, வெட்கம். இப்போது எழுதுவது கோபத்தில். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி ராணி மேல் பொலிஸ் வழக்குப் போட்டிருக்கிறது. கசிப்புப் போத்தல், அதுதான் கள்ளச்சாராயம், வைத்திருந்தாளாம். வருகிற செவ்வாய்க்கிழமை கோர்ட்.

ராணி! நீ குடித்துவிட்டு வந்தால் உன் சட்டையைக்கூடத் தொட்டுத் துவைக்காதவள்.

போன மாதம் ஒரு ஞாயிறு. நம் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா செல்வம் காலையில் எழுந்து வாசலில் நின்று, "என்னக்கா, இப்படி பனி மூடியிருக்கு?" என்று கேட்டிருக்கிறான். கந்தப்பளையில் பனி மூடுவது அதிசயமா? ஆனால் அன்றைக்கு நல்ல வெயில். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ராணி கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டாள். நீயும் சாவதற்கு முதல் நாள் அதே வாசலில் நின்று அதையேதான் கேட்டாய்.

உனக்கு விற்றவன் கசிப்பில் எதையோ கலந்திருந்தான். கண் மங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ சுருண்டபோது லயத்தில் கூடிப் பேசினார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். பொலிஸ் வரக்கூடிய விசயமென்றால் முதல் காம்பராவில் சொல்வதைத்தான் கடைசிக் காம்பராவிலும் சொல்ல வேண்டும். ஒரே பேச்சு. அந்தப் பேச்சு சரியா என்று ராணி எனக்குப் போன் பண்ணினாள்.

"தேயிலைக்கு மருந்து அடிக்கிறப்ப மூஞ்சியில பட்டிருச்சுன்னு சொல்லவா அண்ணே?"

"அப்படியே சொல்லு. கசிப்புன்னு சொன்னா லயத்தையே அள்ளிட்டுப் போவானுங்க" என்றேன்.

முப்பது வருசம் செய்தி எழுதியவன் நான். எத்தனை கசிப்பு வேட்டை எழுதியிருப்பேன்! படத்தில் கசிப்புப் பீப்பாய், அந்தப் பரலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் அதிகாரி, தலைகுனிந்து நிற்கும் நாலு தொழிலாளர்கள். அந்தப் பரல் யாருடையது என்று ஒரு நாளும் கேட்டு எழுதவில்லை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் உன் விசயத்தில் பொய் சொல்லிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமையும் மருந்து அடிக்கிறவையோ?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. மருந்து பட்டவனுக்கு என்ன வைத்தியமோ அதைச் செய்தார்கள். மறுநாள் நீ போய்விட்டாய். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் தனியாகப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுக்கு நாங்கள் குடுக்கிற வைத்தியமே அளந்து குடுக்கிற நல்ல சாராயம்தான் ஐயா. நேரத்தோட சொல்லியிருந்தா ஆளைக் காப்பாத்தப் பாத்திருப்பம்" என்றார்.

அதை அப்படியே வந்து ராணியிடம் சொன்னேன்.

அதனால்தான் செல்வம் பனி என்று சொன்ன அன்றைக்கு ராணி யாரையும் கேட்கவில்லை. எனக்கும் போன் பண்ணவில்லை. செல்வத்தை ஆட்டோவில் ஏற்றினாள். அவன் குடித்து மிச்சம் வைத்த போத்தலைத் தேடி எடுத்து, முந்தானையில் சுற்றி, வார்டுக்கே கொண்டுபோனாள். "இதத்தான் குடிச்சான் டொக்டர். மோந்து பாருங்க" என்று நீட்டியிருக்கிறாள்.

செல்வம் பிழைத்தான். ஒரு கண் இன்னும் சரியாகவில்லை. ஆஸ்பத்திரியிலேயே பொலிஸ் எடுத்துக்கொண்ட அந்தப் போத்தல்தான் வழக்கில் சான்றுப்பொருள்.

விற்றது யார் என்று பொலிஸில் கேட்டதற்கு உன் பெண்டாட்டி சொன்ன பதிலைக் கேள்: "பரலுக்குப் பக்கத்துல நின்னு படம் புடிச்சீங்களே சார், அன்னைக்குப் பரல்ட்ட கேக்கலியா?" விற்றவன் இன்றும் வேனில்தான் போகிறான். இந்த வருசத் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவனுடையது. ராணியோடோ, ஒரே பேச்சை உடைத்துவிட்டாள் என்று மலையில் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து எடுக்கக்கூட ஆள் இல்லை.

கொழும்பில் இதைப்பற்றிக் கூட்டம் நடத்துகிறார்கள், மாப்பிள்ளை. தடையை இறுக்கு என்கிறார் ஒருவர். சட்டபூர்வமாக்கு என்கிறார் இன்னொருவர். போய்வந்து ராணியிடம் சொன்னேன். "கடைய தொறந்து வெச்சா மட்டும் என்ன அண்ணே? ஒங்க மாப்ள ரெண்டு கடைக்கும் போயிருப்பாரு" என்றாள். அவள் சொல்வதில் பிழை இல்லை. டவுன் சாராயக்கடை காலியாக்கிய வீடுகளை நானும் பார்த்தவன்தான். ஆனால் அந்தக் கடைப் போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அதைக் குடித்தவன், குடித்தேன் என்று டொக்டரிடம் சொல்லலாம். கொழுந்து எடுக்கிறவளின் ஒரு நாள் சம்பளத்துக்கு எட்டாத விலையில் அதை வைத்துவிட்டு, எட்டுகிற விலையில் இருப்பதற்குப் பொலிஸை அனுப்புவதா சட்டம்?

இந்தத் தடை உன் குடியை ஒரு நாளாவது நிறுத்தியதா? ஆஸ்பத்திரியில் உண்மை சொல்ல வேண்டிய வாய்களைத்தான் அடைத்தது. இப்போது போதைத் தூளும் ஐஸும் லயம்வரை வந்துவிட்டன. மகன் கண் செருகிக் கிடக்கும்போது தாய்மார் வார்டில் "காச்சலுங்க" என்கிறார்கள். அதே பொய். யார் சொல்லிக்கொடுத்தது? அளந்து, சோதித்து, வெளிச்சத்தில் விற்கட்டும் என்று நான் சொல்வேன். ராணி ஒத்துக்கொள்ள மாட்டாள். அது எங்களுக்குள் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவளைக் குற்றவாளி ஆக்காதே என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

நேற்றுக் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதிகிற நேரத்தில், செல்வம் ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நின்றானாம். "செவ்வாக்கெழம எனக்குப் பேரு போடாதீங்கையா. கோர்ட்டுக்குப் போறேன். போத்தல் என்னோடது, அக்காவோடது இல்ல" என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான். பிறகு கடைசிக் காம்பரா மாரியாயி, "எனக்கும் பேரு வேணாங்க" என்றாளாம்.

நானும் போவேன். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், உன்னைக் கொன்றது கசிப்பு, மறைக்கச் சொன்னது நான் என்று சொல்வேன். நான் எழுதிய வேட்டைச் செய்திகள் வந்த அதே பத்திரிகையில், அதே பக்கத்தில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். இனி உன்னை மருந்து பட்டுச் செத்தவன் என்று யாரும் சொல்லக்கூடாது.

உன்னை நம்பி ராணியைக் கட்டிக்கொடுத்தவன், ராணி என்னை நம்பிக் கேட்டபோது பொய்யைக் கொடுத்தவன்,
உன் மச்சான்