அத்தையின் பெயரை அடித்துவிட்டு எழுதிய பெயர்

அத்தை,

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது உங்கள் வீட்டு ஜன்னலில் மருந்து பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம் பாதி உரிந்திருந்தது. எடுத்து மூக்கருகே வைத்தேன். சோம்பும் கசப்பும் கலந்த அந்த வாசனை வந்ததும், நீங்கள் கண்மூடி ஓராண்டு ஆனதை மறந்து உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்த வருடம், உங்கள் மருமகள் செல்வி அக்காவுக்குக் கிண்டி பல்பு கம்பெனியில் வேலை நிரந்தரமாயிற்று. சம்பளத்தில் மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்கென்று பிடிப்பார்கள். பதிலுக்கு அவருக்கும் குடும்பத்துக்கும் ராயப்பேட்டையில் இருந்த காப்பீட்டு மருந்தகத்தில் இலவச வைத்தியம். குடும்பத்தினர் பெயர் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். நம் தெருவில் படிவம் என்றால் என்னிடம்தான் வரும். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் கணவர், அடுத்து 'தாய்' என்ற இடத்தில் உங்கள் பெயர். வாழ வந்த வீட்டு அம்மாதானே அம்மா? எங்கள் இருவருக்குமே அதில் சந்தேகம் வரவில்லை.

முழங்கால் வலியோடு மருந்தக வரிசையில் நின்ற உங்களிடம், "பெத்த அம்மாவா?" என்று குமாஸ்தா கேட்டிருக்கிறார். "மாமியாரு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். படிவத்தையும் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். வெயிலில் நடந்து வந்து நேராக என்னிடம்தான் பாய்ந்தீர்கள்.

"இன்னாடி படிப்பு படிக்கிற நீ? நான் அவளுக்குக் குடும்பம் இல்லியாம்! பத்து வருசமா ஒரே பானையில சோறு துன்றோம். கண்ணாடி போட்ட ஒருத்தன் இல்லேன்றான்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பெனி தந்த விதிப் புத்தகத்தை வாங்கி இரண்டு நாள் படித்தேன். தொழிலாளியைப் பெற்ற தாய், அவரை நம்பி வாழ்பவராக இருந்தால் சேர்க்கலாம், மாமியாருக்கு இடமில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் தனியாக இருந்த அக்காவின் அம்மாவுக்கு இரைப்பு நோய். தனி டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ள வழியில்லை.

"அவங்க பேரை எழுதலாமே, அக்கா!" என்று கத்தினேன். அக்கா என் வாயைப் பொத்தினார்.

"மெதுவா பேசுடி. நான்தான் அவங்களுக்குச் சோறு போடறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அத்தைக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

உங்கள் மகன் லாரியோடு வெளியூரில் இருப்பவர். வீட்டில் உங்கள் சொல்தான் சட்டம். அம்மாவுக்கு அரிசி கொண்டுபோவதையே அக்கா உங்களிடம் மறைத்துவந்தார். நீங்களோ முறத்தோடு கதவருகே வந்து நின்றிருந்தீர்கள். நாங்கள் பார்க்கவில்லை.

"மாசாமாசம் அரிசி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா? பானை என் கையிலதான கீது" என்றீர்கள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "என் பேரை அடிச்சிட்டு அவங்க பேரைப் போடு. புடிக்கிற காசை எப்படியும் புடிக்கிறான். யாருனா ஒருத்தி மருந்து குடிக்கட்டும். இன்னா பாக்கற? எழுது!"

பேனாவை எடுத்து உங்கள் பெயரை அடித்தேன்.

"நேரா அடிடி, கோணலா போவுது!"

மூன்றே மாதத்தில் அந்த அம்மா உங்கள் வீட்டோடு வந்துவிட்டார். மருந்துக்காக அவ்வளவு தூரம் அலைவானேன் என்று காரணம் கண்டுபிடித்தவரும் நீங்கள்தான். உங்கள் முழங்காலுக்கு அவர் தைலம் தேய்ப்பார். மருந்து வேளை தவறினால் நீங்கள் அவரை அதட்டுவீர்கள். இப்போது உங்களைப் போலவே அக்கா அதட்டுகிறார்.

இன்னமும் படிவங்கள் என்னிடம்தான் வருகின்றன, அத்தை. 'குடும்பத்தில் யார் யார்?' என்று நான் தொடங்குவதில்லை. "உங்களை நம்பி யாரு இருக்காங்க?" என்றுதான் கேட்கிறேன். யார் காதிலாவது விழுமோ என்று பெண்கள் ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் பேனாவை மூடாமல் காத்திருக்கிறேன்.