கூலருக்குக் கட்டிய ஈரச்சாக்கு

மச்சான்,

எதிர்வளவில் மாட்டுக்குப் புகை போட யாரோ ஒயில் பட்ட சாக்கைக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைப் புதைத்து இன்றைக்குப் பதினைந்து நாள்.

முதுகு வளைந்த என் பழைய ஆமைக்காருக்கு, வான் வண்டியொன்றின் எஞ்சினைப் பூட்டித் தந்தவன் நீ. தண்ணீர் கேட்காத, காற்றில் ஆறுகிற எஞ்சின். ஆனால் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வெயிலில் ஓடினால் ஒயில் சூடேறித் தண்ணீர் மாதிரி இளகிவிடும். சிவப்பு லைட் கண் சிமிட்டும். எஞ்சின் இறுகினால் வேறொன்று கிடைக்காது, வெளிநாட்டுச் சாமான் வராத காலம். வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடித்தான் என் வீட்டில் அடுப்பெரிந்தது. நீதான் பழைய உழவு மெசின் ஒன்றிலிருந்து சூட்டை ஆற்றும் சின்னதொரு கூலரைக் கழற்றி, ஈயம் வைத்து ஒட்டி, வாவித் தண்ணீரில் அமிழ்த்தி ஊதிப் பார்த்தாய். ஒரு குமிழிகூட வரவில்லை. முன்பம்பருக்குக் கீழே அதைப் பூட்டி, பின்னாலிருக்கும் எஞ்சின் வரைக்கும் ஒயில் குழாய் இழுத்தாய்.

“இதுக்குக் காத்துத்தான் சாப்பாடு. முன்னுக்கு ஒண்டையும் வெச்சு மறைச்சுப் போடாத, விளங்கிச்சா?” என்றாய்.

எனக்கா விளங்கும்? தண்ணீர்ப் பானைக்கு ஈரச்சாக்கு சுற்றினால் சில்லென்று இருக்கிறதே, கூலருக்கும் சுற்றினால் இன்னும் நல்லதுதானே என்று என் பெரிய மூளை சொன்னது. கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு ஹயர் கிடைத்த அன்று, உன்னிடம் கேளாமல் கட்டிக்கொண்டு போனேன். வவுணதீவு தாண்டுவதற்குள் சாக்குக் காய்ந்து, புழுதி அப்பி, பலகையாகிவிட்டது. காற்று எங்கே நுழையும்? வயல் வட்டை நடுவில் சிவப்பு லைட் எரிந்தது. நிறுத்தினேன். ஆட்கள் இறங்கி முன்பக்கம் வருவதற்குள் சாக்கைப் பிய்த்து வாய்க்காலில் எறிந்தேன். “கூலர் பிழை. அவன் பூட்டின லட்சணம்!” என்று எல்லாவற்றையும் உன் தலையில் போட்டேன்.

ஆளனுப்பியதும் நீ ஒரு லொறியில் வந்து இறங்கினாய். குனிந்து, கூலரின் இடுக்கிலிருந்து ஒரு சணல் நாரை உருவினாய். என்னைப் பார்த்தாய். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, “ஓம், என்ர வேலையில பிழைதான். கொஞ்சம் ஆறட்டும், மறுகா போகலாம்” என்றாய்.

தனியே நின்றபோது, “ஏன் மச்சான் அப்பிடிச் சொன்னாய்?” என்று கேட்டேன்.

“உன்னில பிழை எண்டா உன்ர கார்ல ஆர் ஏறுவாங்க? போடா விசரா.”

எஞ்சின் தப்பியது. அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்தக் கூலரோடுதான் ஓடினேன்; லைட் ஒருநாளும் எரியவில்லை. ஆனால் உன்னிடம் கூலர் பூட்ட வேறொருவரும் வரவில்லை. ஆசையாய்ச் செய்து வைத்திருந்த மற்ற இரண்டு கூலர்களும் கராஜ் மூலையில் தூசு பிடித்துக் கிடந்தன. நீ அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பேச முகமில்லை.

உன் செத்தவீட்டில் என் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் சொன்னார்: “நல்ல மனிசன், கைராசிக்காரன். அந்தக் கூலர் வேலை ஒண்டுதான் பிழைச்சுப் போச்சு.” உன் பெண்சாதி அங்கேதான் நின்றார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கையில் இருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன், மச்சான். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.