பன்னிரண்டரைக்குப் பூட்டிய சர்ச்

ஜூன் 24, செவ்வாய். அல் ஐன்.

பிளஸ் ஒன் யூனிபார்ம் துணி வந்து இறங்கியது. இரண்டு கட்டுகளில் நிறம் வெளிறியிருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் ஸ்கூல் செக்ரட்டரி போன் செய்தார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் ரோம் போகிறார்கள். கூடப் போகவேண்டிய டீச்சரம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்களாம். தையல் மெஷின் கண்காட்சிக்காக நான் மிலான் போனபோது கொடுத்த விசாவில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது. அது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. பெண் பிள்ளைகள் பதினொரு பேர், ஒரு லேடி இல்லாமல் அனுப்ப முடியாது என்றார்.

சரி என்றேன். ஏன் என்று இந்த நோட்டிலாவது மறைக்க வேண்டாம். ஆகஸ்டில் யூனிபார்ம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். இந்த ஸ்கூலுக்குப் பத்து வருஷமாக நான்தான் தைத்துக் கொடுக்கிறேன்.

வீட்டுக்காரர் சிரிக்கிறார். "நீ பிள்ளையளப் பாப்பியா, கடை கடையா ஏறித் துணியத் தடவிட்டு நிப்பியா?"

ஜூன் 27, வெள்ளி.

பெற்றோர் கூட்டம். அழைத்துப் போகிறவர் பி.டி. மாஸ்டர் கிளிட்டஸ். குளச்சல் பக்கம், நாற்பது வயது இருக்காது. ஸ்கூலுக்கு வருமுன் ராஸ் அல் கைமாவில் கல் குவாரியில் ஏழு வருஷம் சேஃப்டி வேலை பார்த்தவர். ஒரு லிஸ்ட் வாசித்தார்: அகலத் தொப்பி, தொளதொளவென்று வெள்ளைச் சட்டை, ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில், உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட் பத்து.

டயர் கடை ராஜிக் பாய் எழுந்தார். அவர் மகனும் வருகிறான். "சார், நாங்க இருக்கிறது நாப்பத்தெட்டு டிகிரியில. ரோம்ல முப்பத்தெட்டுன்னா அது நமக்கு ஏசி." கூட்டம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. லிஸ்டை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார்.

ஜூலை 1. ரோம்.

வந்து சேர்ந்தோம். கால் வீங்கியிருக்கிறது. நாளைக்கு எழுதலாம்.

ஜூலை 2, புதன்.

இந்த ஊர்க்காரன் கெட்டிக்காரன். உடைந்த தூணை உடைந்தபடியே நிறுத்திவைத்து, அதைப் பார்க்க உலகத்தையே வரிசையில் நிற்க வைத்திருக்கிறான். நம் ஆளாயிருந்தால் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்திருப்பான்.

போப்பாண்டவர் கோயிலின் உயரத்தைப் பார்த்துக் கழுத்து வலித்தது. அதைவிட என்னை நிறுத்தியது பக்கத்துத் தெருக் கடை. பாதிரியார்களின் அங்கிகள். சரிகையை உள்பக்கம் மடித்துக் கையால் தைத்திருக்கிறார்கள், வெளியே ஒரு நூல் தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் சொன்னது சரிதான். தெருவுக்குத் தெரு குழாயில் குடிதண்ணீர் இரவு பகல் கொட்டுகிறது, காசு கிடையாது.

கிளிட்டஸ் சார் பிள்ளைகளை எண்ணும் விதம் பார்க்க நன்றாயிருக்கிறது. ஆளுக்கொரு நம்பர். பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் தெரு தாண்டும்போதும் அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். குவாரியில் வெடி வைக்கும் முன் இப்படித்தான் எண்ணுவார்களாம். முதலில் கேலி செய்த பிள்ளைகள் மத்தியானத்துக்குள் பாட்டு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் இருபத்து மூன்று.

ஜூலை 3, வியாழன்.

இன்று நடந்ததை வரிசை தப்பாமல் எழுத வேண்டும். பின்னால் கேட்பார்கள்.

காலையில் கிளம்பும்போதே பெண் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நேற்று டாய்லெட்டுக்குப் பட்ட பாடு. காபிக் கடையில் ஏதாவது வாங்கினால்தான் விடுகிறான், அதற்கும் வரிசை. பெரிய அனுபவசாலி மாதிரி சொன்னேன்: "தண்ணியக் கம்மியாக் குடிங்க, சமாளிச்சிரலாம்." நான் அப்படித்தான் சமாளித்தேன். முதல் கடை போட்டபோது அந்த சூக் கடைத்தெரு வரிசையில் நான் ஒருத்திதான் பொம்பளை. எட்டு மணிக்குத் திறந்தால் மதியம் அடைக்கிறவரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. அதை ஒரு திறமை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

பெரிய நீரூற்றைப் பார்த்தோம். பிறகு, கூரை நடுவில் வட்டமாக ஓட்டை விட்ட அந்தப் பழைய கோயில். ஓட்டை வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கி நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக் கான்கிரீட்டாம். சார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது போட்டவன் மண்ணையும் கல்லையும் தெரிஞ்சவன் அக்கா" என்றார்.

வெளியே வந்தால் போன் முப்பத்தொன்பது காட்டுகிறது. கல் பாவிய தெரு. கீழிருந்தும் அடிக்கிறது. ஒண்ணே காலுக்குக் கொலோசியம் டிக்கெட், நேரம் குறித்தது. பிள்ளைகள் இந்தப் பயணத்துக்கு வந்ததே அந்த வட்ட அரங்கத்தை உள்ளே போய்ப் பார்க்கத்தான். பன்னிரண்டு இருபதுக்கு, தெரு முனையில் கல் பதித்துக்கொண்டிருந்த ஆட்கள் சாமானை வண்டியில் ஏற்றினார்கள். சார் அதைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார்.

"யல்லா, எல்லாரும் நெழலுக்கு வாங்க. கலாஸ், போதும். இனி மூணு மணி வர வெளிய யாரும் கெடயாது."

எனக்குச் சுருக்கென்றது. "சார், வெளையாடுதீங்களா? டிக்கெட்ட விட்டா திரும்பக் கெடைக்காது. நாப்பத்தெட்டுல வளந்த பிள்ளைய இதுக."

"இதுவ நாப்பத்தெட்டுல வளரல்ல அக்கா. இருபத்திநாலுல வளந்ததுவ. வீட்டுல ஏசி, பஸ்சுல ஏசி, கிளாசுல ஏசி. நாப்பத்தெட்டுல நிக்கிய ஆளுவள நான் குவாரியில பாத்திருக்கேன். அவங்களுக்கே கோடையில பன்னண்டரையிலருந்து மூணு வர வெயில்ல வேல செய்யக்கூடாதுன்னு சட்டம்."

பதில் வராதபோது என்ன செய்வேனோ அதைச் செய்தேன். எழுத்தில் போட்டுவைத்தேன். பெற்றோர் வாட்ஸ்ஆப் குரூப்பில்: "கொலோசியம் போகவில்லை. இது கிளிட்டஸ் சார் முடிவு. நான் ஒத்துக்கொள்ளவில்லை." வியாபாரத்தில் இந்தப் பழக்கம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

பக்கத்தில் ஒரு சர்ச். காவல்காரக் கிழவர் மத்தியானத்துக்குக் கதவடைத்துக்கொண்டிருந்தார். சார் போய்க் கும்பிட்டார். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி, அஜிஷா, போனில் பேசி இத்தாலி மொழியில் மாற்றிக் காட்டினாள். சார் கேட்டது இவ்வளவுதான்: நீங்கள் வீட்டுக்குப் போங்கள், எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.

கிழவர் போனைப் படித்தார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். மூன்று விரலைக் காட்டினார். உள்ளே போனோம். பூட்டினார். இருபத்திரண்டு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், அந்நிய ஊர், வெளிப்பக்கம் பூட்டு.

உள்ளே ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி குளிர்ச்சி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பளிங்குத் தரையில் படுக்கச் சொன்னார் சார். அவர் மட்டும் ஒரு நிமிஷம் ஜெபம் செய்தார். பிறகு நம்பர். பன்னிரண்டு, பதிமூன்று—

பதினாலு வரவில்லை.

பதினாலு அஜிஷா. இப்போதுதான் போனை நீட்டிப் பேசினவள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து கண் எங்கோ இருக்கிறது. "ஆன்ட்டி, ஸ்கூல் பஸ் வந்தாச்சா?" என்று கேட்டாள். பிறகு வாந்தி.

சார் குரலைக்கூட உயர்த்தவில்லை. அவளைப் படுக்கவைத்துக் கால் உயர்ந்து நிற்கக் கீழே மூன்று பையை வைத்தார். என் துப்பட்டாவைக் கேட்டு வாங்கி நனைத்துக் கொடுத்து, கழுத்திலும் அக்குளிலும் வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான்கு பையன்களை வரிசையாக நிறுத்தித் தொப்பியால் விசிறச் சொன்னார். ஒருவனிடம் ஆம்புலன்ஸ் நம்பரைப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "பத்து நிமிஷம். பேச்சு தெளியல்லன்னா அழுத்து. கதவை ஒடச்சாவது வருவாங்க." தெளிவாய்ப் பேச ஆரம்பித்த பிறகுதான் உப்புத் தண்ணீர், மூடி மூடியாக.

ஏழாவது நிமிஷம் தன் பெயரையும் அம்மா பெயரையும் சொன்னாள்.

"கடைசியா எப்போ தண்ணி குடிச்ச மக்ளே?"

அஜிஷா என்னைப் பார்த்தாள். "நேத்து நைட்டு சார்" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.

பின்னறையில் ஒரு கக்கூஸ் இருந்தது. சார் காட்டினார். பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். திரும்பி வந்து பாட்டிலைத் தூக்கிக் குடித்த வேகத்தைப் பார்த்தேன். பதினொரு பேருமா? ஒருத்திகூடவா குடிக்கவில்லை?

மூன்று மணிக்குக் கிழவர் கதவைத் திறந்தார், பை நிறையப் பீச் பழத்தோடு. அஜிஷாவும் ஒன்று தின்றாள்.

ஆறு மணிக்குக் கொலோசியத்தை வெளியே நின்று பார்த்தோம். வெயில் சாய்ந்து கல்லெல்லாம் தேன் நிறம். ராஜிக் பாய் மகன், "சூப்பர் சார்" என்று மட்டும் சொன்னான். சார் அரங்கத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு தலையை முழுசாக வைத்திருக்கிற ஒரு மனிதனை இன்று பார்த்தேன். அதற்கு டிக்கெட் கிடையாது.

ஜூலை 4.

குரூப்பில் போட்டதை அழித்தேன். ராஜிக் பாய் அதற்கு முன்னாலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்.

ஜூலை 7, திங்கள். அல் ஐன்.

கிளிட்டஸ் சாரின் வேலை ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கிற கடிதத்தை ஸ்கூல் நிறுத்திவைத்துவிட்டது. வேலை போனால் விசாவும் போகும், மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு புகார். டிக்கெட்டை வீணாக்கினார். ஒரு பெண் பிள்ளையை மயங்க விட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் சர்ச்சில் பூட்டிவைத்தார். புகார்க் கட்டில் முதல் தாள் என் மெசேஜ்.

பதினாலாம் தேதி விசாரணை. என்னையும் வரச் சொல்கிறார்கள்.

ஜூலை 9, புதன்.

அஜிஷாவின் அம்மா ஜோஸ்மி கடைக்கு வந்தாள். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்குச் சார் செய்ததை ஒவ்வொன்றாகக் கேட்டாள். "நான் நின்னிருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன் அக்கா" என்றாள். பிறகு, "ஆனா அவ ஏன் தண்ணி குடிக்காம இருந்தா? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கா" என்றாள்.

மீட்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். பதினாறு வயசுப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறது. நான் அந்த மனுஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்லவில்லை இன்றைக்கும்.

ஜூலை 12, சனி.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு: "சாருக்காகப் பேசு, வேண்டாங்கல. ஒன் விசயத்த எதுக்கு இழுக்க? ஆகஸ்டு வருது வடிவு."

"அத விட்டுட்டுப் பேசுனா, பிள்ள மயங்குனது அவரு கணக்குலதான நிக்கும்?"

"நிக்கும்."

"பொறவு?"

அவர் எழுந்து கடை ஷட்டரைத் தூக்கப் போய்விட்டார். அவர் கேட்டதும் தப்பில்லை. நானே என்னை நாலு நாளாகக் கேட்பதுதான்.

ஜூலை 14, திங்கள்.

பெரிய மேஜை. செக்ரட்டரி, இன்னும் மூன்று பேர், ராஜிக் பாய், ஜோஸ்மி. ஓரத்தில் கிளிட்டஸ் சார், இஸ்திரி போட்ட சட்டையில். செக்ரட்டரி என் மெசேஜை வாசித்து, "இது நீங்க எழுதினதுதானே மேடம்?" என்றார்.

நான்தான் என்றேன். அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு மணி நேரத்தில் நான் எழுதினது தப்பு என்று தெரிந்துவிட்டது என்றேன். தெருவில் கல் பதிக்கிறவர்கள்கூட வேலையை நிறுத்தினதைச் சொன்னேன். வெயிலில் அந்த வரிசையில் நின்றிருந்தால் அஜிஷா எங்கே விழுந்திருப்பாள் என்று கேட்டேன். இதுவரை சுலபம்.

அப்புறம் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். "பிள்ளைய தண்ணி குடிக்காம இருந்தது நான் சொல்லித்தான். டாய்லெட் இல்லன்னு வந்துச்சுக, கம்மியாக் குடிங்கன்னேன். பொம்பளப் பிள்ளையளப் பாக்கத்தான் என்னக் கூட்டிட்டுப் போனீங்க. நான் பாத்த லெச்சணம் இது. சாருக்கு இது இன்னிக்கு வர தெரியாது."

ஜோஸ்மியை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. வெளியே வரும்போது அவள் என் பக்கத்தில் நடந்து வந்தாள். லிஃப்ட் வரும்வரை நின்றாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாம் அக்கா." அவ்வளவுதான். அது போதும், நாலு அறை வாங்கினது போல இருந்தது.

சார் கீழே காத்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வண்டி நிற்குது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 21.

தகவல் இல்லை. அவருக்கும், எனக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

போன வருஷம் இந்நேரம் ஸ்கூல் துணி பாதி வெட்டி முடிந்திருந்தது. இந்த வருஷம் ஆர்டர் வரவில்லை. போன் செய்து கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்.

நேற்று ஸ்கூல் திறந்தது. இன்று மாலை கிளிட்டஸ் சார் கடைக்கு வந்தார். ஸ்டாஃப் டி-ஷர்ட், புத்தம் புதுசு, ஸ்கூல் முத்திரையோடு. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து ஆகிவிட்டதாம். சந்தோஷத்தில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தவர், நான் சட்டையைப் பார்ப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டார். வேறு கடையில் தைத்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"அக்கா, இது..."

"தோள் தையல் ரெண்டு தொவைக்குத் தாங்காது சார். நாளைக்குக் கொண்டாங்க, பிடிச்சுத் தாரேன்."

வருத்தமில்லை என்று எழுதினால் பொய். பத்து வருஷம். தையல்காரர்களில் இரண்டு பேருக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். புஜைராவில் ஒரு கிளினிக் டாக்டர் கோட்டு தைக்க ஆள் தேடுகிறதாம், வியாழக்கிழமை போகிறேன்.

சார் வந்த காரியம் வேறு. இனிமேல் வெளியூர் கூட்டிப் போகிறவர்களுக்கு விதிமுறை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வெயில், ஓய்வு, உப்புத் தண்ணீர் எல்லாம் எழுதிவிட்டாராம். பெண் பிள்ளைகள் பகுதி மட்டும் காலி. "எனக்கு எழுத வரல்ல அக்கா. நீங்கதான் எழுதணும்" என்று தாளை மேஜையில் வைத்தார்.

கத்தரிக்கோலை நகர்த்திவிட்டு எழுதிக் கொடுத்தேன். முதல் விதி: டாய்லெட் எங்கே என்று பார்த்துவைத்த பிறகுதான், எந்த அரண்மனைக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.