முறிகண்டியில் உடைத்த தேங்காய்

1982 ஆடி, செவ்வாய்

வவுனியா பஸ் வழக்கம்போல முறிகண்டியில் நின்றது. உடைக்காமல் போனால் வழியில் தடங்கல் வரும் என்பார்கள்; பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கடவுள் உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிவிட்டார், எதிலும் தலையிட மாட்டார் என்று பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர் எழுதியதைத்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபடியே தத்துவப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாரும் திரும்பி ஏறியபின் எஞ்சின் இயங்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், நீங்களும் ஒண்டு உடைச்சிட்டு வாங்கோ," என்றார் சாரதி.

"பற்றரி பழுது, அண்ணை."

"ஓம், பற்றரிதான். எண்டாலும் உடையுங்கோ."

உடைத்தேன். பஸ் அசையவில்லை.

"நம்பிக்கையில்லாமல் உடைச்சிட்டார்," என்றா முன்சீற்றில் இருந்த அம்மா.

இறங்கித் தள்ளினோம். தள்ளத் தள்ள எனக்குப் பிள்ளையார்மேல் கோபம் வந்தது. இன்னும் ஆறவில்லை. தலையிட மாட்டார் என்றவனும் நான்தான், தலையிடவில்லை என்று கோபிப்பவனும் நான்தான்.