ஆடு மெல்லாதபோது

மார்ச் 3

வருகிறது! ஆட்டின் மண்டைக்குள் வைத்த கருவி, சட்டைப் பொத்தான் அளவு, வெளியே ஒரு கம்பி கிடையாது. மூன்று மீட்டர் தள்ளி என் திரையில் மூளையின் அலை. பெரிய, சீரான, அழகான அலை. சந்தோஷத்தில் சேமிக்கவே மறந்து, மறுபடி பதிவு செய்தேன்.

அக்காவை அழைத்தேன்.

"ஆடு என்னடா நினைக்குது?"

"அதெல்லாம் இன்னும் புரியலக்கா."

"உன்னைப் பத்தின்னா நல்லதா இருந்தா மட்டும் சொல்லு."

மார்ச் 4

அலையின் படம் என் பேராசிரியருக்குப் போனது. அவரிடமிருந்து, கருவியைப் பொருத்திய அறுவை மருத்துவருக்கு. வெள்ளியன்று நேரில் வருகிறார். திருப்தி என்றால் இரண்டாவது ஆட்டுக்கும் கருவி வைப்பார். இல்லையென்றால் இதையும் வெளியே எடுத்துவிடுவார். இரண்டு வருட வேலை.

மார்ச் 5

ஆடுகளைப் பராமரிப்பவர், எங்கள் எல்லோருக்கும் ஆட்டு மாமா, திரையைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். மறுபடி திரை.

"தம்பி, அது யோசிக்கல. மெல்லுது."

தாடை மேலே, கோடு மேலே. தாடை கீழே, கோடு கீழே.

தாடைத் தசையின் மின்சாரம்! மூளையின் அலை எங்கே? அடியில் இருக்கிறதா, இல்லவே இல்லையா? எல்லாருக்கும் அனுப்பித் தொலைச்சுட்டேனே. இப்ப என்னன்னு சொல்றது?

மார்ச் 6

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

"நானும்தான் நம்பினேன். ரெண்டு பேருமே கழுதை. சரி, எதோட ஒப்பிட்டு அளக்கிறே?"

ஒப்பீட்டு முனை! தாடைத் தசையை ஒட்டி இருக்கிறது. மற்ற முனைகளை அளக்க அதைத்தான் பூஜ்யமாக வைத்திருந்தேன்; அது அசைந்தால் எல்லாமே அசையும். மூளையின் மேல் இருக்கும் பதினாறு முனைகளில் ஒன்றை அந்த இடத்துக்கு மாற்றலாம். வெளியிலிருந்து ஒரு கட்டளை போதும், மண்டையைத் திறக்க வேண்டாம். அந்த வசதியை வடிவமைத்தவனே நான்தான். எப்படி மறந்தேன்?

கட்டளையை அனுப்பினேன். ஆடு மெல்லுகிறது, கோடு அசையவில்லை. குதித்தேன்.

உடனே பயம் — மூளையின் அலையும் சேர்ந்து போயிருந்தால்?

மார்ச் 7, வெள்ளி

மருத்துவர் கைகட்டி நின்றார். "அனுப்பின படம் தப்பு, அது மெல்றது" என்று முதலிலேயே சொன்னேன். புருவம் மட்டும் உயர்ந்தது.

கருவி இருப்பது மூளையின் பார்வைப் பகுதியின் மேல். மாமா ஆட்டைப் பிடித்துக்கொள்ள, நான் விளக்கைச் சிமிட்டினேன். நூறு முறை. பதிவுகளின் சராசரி எடுத்தேன்.

ஒரு சின்ன மேடு.

ஆட்டின் கண்ணைத் துணியால் மூடினோம். மேடு இல்லை. திறந்தோம். இருக்கிறது! பழைய அலையில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் ஆடு பார்க்கிறது, நான் பார்க்கிறேன் அது பார்ப்பதை!

"இது மெல்றது இல்லியே?" மருத்துவர் கேட்டது என்னை அல்ல, மாமாவை.

"வாய் மூடித்தான் இருக்கு, டாக்டர்."

"அடுத்த கருவி எப்போ?"

ஆறு வாரம் என்றேன். நான்கு என்று எழுதிக்கொண்டார்.

நான் திருத்தவில்லை.