அப்பாவின் கிடார் இங்கேயே இருக்கட்டும்

என் கண்ணான மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இன்றிலிருந்தாவது இருங்கள். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் அங்கே வேலையில் கை ஓடாமல் நிற்பாய், அதனால்தான்.

அன்றைக்குக் கேட்டாயே, "அங்க சும்மாதானம்மா கிடக்கு, அப்பா கிடாரை எனக்கு அனுப்பிடேன், அவர் ஞாபகமா மாட்டி வச்சுக்கிறேன்" என்று. நான் பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் தங்கை மறுநாளே தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டியாகப் பார்த்துத் தூக்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டாள். நான் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறேனே தவிர, கிடாரை எடுத்து உள்ளே வைக்கக் கை வரவில்லை. அது சும்மா கிடக்கவில்லையடா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்கு மூளையில் அடைப்பு வந்து வலது பக்கம் விழுந்து பேச்சும் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அப்போது வார்டில் உதவிக்கு இருந்த பெண் நல்ல மனசோடு அவரைத் துடைத்துவிட்டு, நீளமாக இருக்கிறதே என்று வலது கை நகங்களை ஒட்ட வெட்டிவிட்டாள். கம்பியைச் சுண்ட அந்தக் கையில் நகம் வேண்டும், கம்பியை அழுத்தும் இடது கையில் இருக்கக் கூடாது என்பார், உனக்குத் தெரியும். ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக் கிரீஸில் முங்கிய கையிலும் அந்த நகங்களை மட்டும் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மனுஷன். அந்தக் கை இனி எழும்பாது என்று டாக்டர் சொன்னபோதுகூட அழவில்லை, நகத்தைப் பார்த்துத்தான் அழுதார். எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து என் வலது கையில் நகம் வளர்த்தேன். நான் தைக்கும் யூனிஃபார்ம் கடையில் கட்டிங் மாஸ்டர், "என்னக்கா, புதுசா ஃபேஷனெல்லாம்" என்று ஓட்டினார், ஓட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் கிடாரை அவர் மடியில் வைத்தேன். இடது கை தானாகப் போய் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. நான் அவருக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு முதுகோடு ஒட்டி உட்கார்ந்து என் வலது கையை முன்னால் நீட்டினேன். கல்யாணமான புதிதில்கூட உன் அப்பாவை இவ்வளவு நேரம் ஒட்டி உட்கார்ந்ததில்லை, மகனிடம் சொல்கிற பேச்சா இது என்று வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிட்டேன். எந்த விரல், எந்தக் கம்பி என்று என் கையின் மேல் தட்டித் தட்டிக் காட்டுவார். கட்டைவிரல் வீட்டு வேலை மாதிரி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மற்ற விரல்கள் விருந்தாளி மாதிரி வந்து பாட்டைச் சொல்லிவிட்டுப் போகும் என்று பேச்சு இருந்த நாளில் சொல்வார். எனக்கோ கட்டைவிரல் ஓடினால் காலும் சேர்ந்து மெஷின் மிதிக்கும், அவர் முதுகு குலுங்கச் சிரிப்பார். அவருக்கு மிஞ்சியது "சரி" என்ற ஒரே சொல். நான் தப்பாக வாசித்தாலும் கண்ணை உருட்டிக்கொண்டு "சரி! சரி!" என்றுதான் கத்துவார். ஒருநாள் கம்பி கரகரவென்று இருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெயை எடுத்து நன்றாகப் பூசி வைத்துவிட்டேன், அவர் விரல் வழுக்கிக்கொண்டு போக, அன்றைக்கு வாங்கிய "சரி" என் ஜென்மத்துக்கும் போதும். கம்பி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

நாங்கள் பழகியது ஒரே பாட்டு. நீ ஊரை விட்டுக் கிளம்பிய வருடம் அவர் தானாகக் கோத்தது, வார்த்தை கிடையாது, பேரும் வைக்கவில்லை. உன் அறையில் உட்கார்ந்துதான் வாசிப்பார். உனக்குச் சொல்லலாமா என்று கேட்டபோதெல்லாம் கையை ஆட்டிவிடுவார், முழுசாக வரட்டும் என்று. ஒரு மத்தியானம் அது முழுசாக வந்தது. தடுக்காமல், நிற்காமல், அவர் இடது கையும் என் வலது கையும் ஒரே ஆளுடையது போலப் போய் முடிந்தது. "சரி" என்றார் மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவதாக இருந்தோம். அதற்குள் மறுபடியும் மூளையில் அடைப்பு வந்துவிட்டது. மிச்சம் உனக்குத் தெரியும், வந்து கொள்ளி போட்டவன் நீதானே.

இப்போது என்னிடம் இருப்பது வலது கைப் பாட்டு மட்டும். கம்பியை அழுத்த ஆள் இல்லாமல் அதை வாசித்தால் சத்தம் வருகிறது, பாட்டு வரவில்லை. அதனால் இடது கையையும் நானே பழகுகிறேன். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா, துணியில் அளவு பார்க்கிற கண்ணாயிற்றே, விரல் எங்கெங்கே நின்றது என்று நினைவிருக்கிறது. தையல் சாக்கட்டியால் கழுத்தில் புள்ளி வைத்து வைத்து அழுத்துகிறேன். விரல் நுனி எரிகிறது, ஊசி குத்திப் பழகிய கைதானே என்று விடாமல் செய்கிறேன். உன் தங்கை, "ஏம்மா உனக்கு இந்த வேலை" என்கிறாள், அவளும் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பாதிக்கு மேல் வந்துவிட்டது. நடுவில் ஓர் இடத்தில் அவர் சுண்டுவிரல் வெகுதூரம் எட்டிப் போய் ஒரு கம்பியைத் தொடும், அங்கேதான் பாட்டு அழும். என் கை சின்னக் கை, எப்படி நீட்டினாலும் எட்டவில்லை. அந்த இடம் வரும்போது மட்டும் நிறுத்திவிடுகிறேன்.

அதனால் கிடாரை அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மருமகளுக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நோய்நொடி இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இங்கே வர லீவு கேட்டு வை, மறந்துவிடாதே. நீ பிறந்தபோது உன் கையை விரித்துப் பார்த்து, "என் விரல் அப்படியே வந்திருக்கு பாரு" என்றார் அப்பா. உனக்கு அது எட்டும். கிடார் தெரியாது என்று சொல்லாதே, அந்த ஓர் இடத்தில் மட்டும் நீ விரலை வை, மற்றதை அம்மா பார்த்துக்கொள்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா