சும்மாடு

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
1968

என் வீட்டுக்காரருக்கு,

டெல்லி மாநாட்டில் உங்களுக்குப் பலத்த கைதட்டலாமே. உங்களோடு போயிருந்த சலாவுதீன் நேற்றே திரும்பி வந்து லேபில் சொன்னார். நீங்கள் கண்டுபிடித்த வளைய மூலக்கூறுக்குச் 'சும்மாடு' என்று பெயர் வைத்தீர்களாம்.

நீங்களா வைத்தீர்கள்? அந்த மூலக்கூறுக்கு நான் கம்பியில் வளைத்துச் செய்த மாதிரி வடிவம் நம் வீட்டு மேஜையில் கிடந்தது. தலைக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு அதைப் பார்த்து, "என்னக்கா, சும்மாடு மாதிரில்லா இருக்கு? குடம் அசையாம உக்காந்துக்கிடுமே" என்றாள். மூலக்கூறின் நடுக்குழியில்தான் பொட்டாசியம் கச்சிதமாக உட்கார்ந்தது. சோடியம் சிறியது, நிற்கவில்லை. பொட்டாசியத்தைப் பிடித்த வளையங்கள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு படிகமாயின. அதையும் நான்தான் பார்த்தேன். உங்களிடம் ஓடிவந்து சொன்னபோது என்ன சொன்னீர்கள்? "குழாயடிப் பேச்சை லேபுக்குக் கொண்டுவராதே."

மாநாட்டில் நீங்கள் என் பெயரைச் சொன்னீர்களா என்று சலாவுதீனிடம் கேட்டேன். "வீட்டில் கொஞ்சம் உதவி செய்தாள்" என்றீர்களாம். உதவியா!

வீட்டுச் சாவி சண்முகவடிவிடம் இருக்கிறது. கம்பி வளையத்தை நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் தலையில் என்றைக்குச் சுமை இருந்தது, சும்மாடு கேட்பதற்கு?

இப்படிக்கு,
கொஞ்சம் உதவி செய்தவள்